இளங்கலைத் தமிழுக்குப் பிறகு மொழியியல்: படிக்கலாமா, படித்தால் என்ன வேலை?

கேள்வி: தறிவீட்டு மாணவி, அம்மாப்பேட்டை, சேலம்

அனைவருக்கும் வணக்கம். நான் சேலத்தில் இளங்கலைத் தமிழ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம். வாசற்படி தாண்டினால் தமிழ். இரண்டு தெரு தள்ளினால் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற நெசவாளர் குடும்பங்கள். அப்பா வெண்பட்டு வேட்டி நெய்கிறார். எங்கள் குடும்பத்தில் பட்டப்படிப்புக்கு வந்த முதல் ஆள் நான்தான் என்பதால், அடுத்து எதைப் படிப்பது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வீட்டில் யாரும் இல்லை.

சென்ற ஆண்டு எங்களுக்கு மொழியியல் அறிமுகம் என்று ஒரு தாள் இருந்தது. ஆசிரியர் கரும்பலகையில் 'பல்', 'அம்பு' என்று இரண்டு சொற்களை எழுதி, இரண்டிலும் வருகிற பகரத்தை உரக்கச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். எழுத்து ஒன்றுதான், ஆனால் வாயிலிருந்து வரும் ஒலி இரண்டு என்பதும், ஒலி இடம் பார்த்துத் தானே மாறிக்கொள்வதால் தமிழில் அந்த வேறுபாடு பொருளை மாற்றுவதில்லை என்பதும், அதனால்தான் தமிழ் நெடுங்கணக்குக்கு இரண்டு எழுத்துகள் தேவைப்படவில்லை என்பதும் அன்று புரிந்தது. வகுப்பில் பலருக்கு அந்த இரண்டு ஒலிகளும் வேறுவேறாகக் காதில் விழவே நேரமாயிற்று. எனக்கு உடனே விழுந்தது, ஏனென்றால் எங்கள் வீட்டு மொழியில் அந்த ஒலிகள் மாறினால் சொல்லே மாறிவிடும். பாட்டி வைத்திருக்கும் பழைய பாட்டுப் புத்தகத்தில் தமிழ் எழுத்துகளின் தலையில் 2, 3, 4 என்று சிறிய எண்கள் ஏன் அச்சிடப்பட்டிருக்கின்றன என்று சிறு வயதிலிருந்து யோசித்திருக்கிறேன். ஒரே தமிழ் எழுத்துக்கு எங்கள் மொழியில் உள்ள வேறுவேறு ஒலிகளைக் காட்டத்தான் அவை என்ற விடை அந்த ஒரு மணி நேரத்தில் கிடைத்தது.

அன்றிலிருந்து மொழியியலில் முதுகலை படிக்க வேண்டும் என்ற எண்ணம் என்னை விடவில்லை. அப்பா மறுக்கவில்லை. "அதைப் படித்து முடித்தால் எந்தக் கதவைத் தட்டுவாய்?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உறவினர்கள் எல்லோரும் பி.எட். முடித்து ஆசிரியர் தேர்வு எழுதச் சொல்கிறார்கள். மொழியியலை எங்கே படிக்கலாம், அதற்கு உண்மையில் என்ன வேலைகள் இருக்கின்றன, பன்னிரண்டாம் வகுப்பில் கலைப் பிரிவு எடுத்த எனக்குக் கணினி சார்ந்த பணிகள் எட்டுமா, பி.எட். படிப்பை விட்டுவிட்டு இதற்குப் போவது சரியா என்று அறிந்தவர்கள் சொன்னால், அப்பாவிடம் எடுத்துச் சொல்ல உதவியாக இருக்கும்.

பதில் 1: குகைக்காரர், இப்போது சென்னையில்

தங்கைக்கு வணக்கம். நானும் சேலம் குகைப் பகுதியில் வளர்ந்தவன்தான். அண்ணாமலைநகரில் மொழியியல் முதுகலை முடித்து, ஒன்பது ஆண்டுகளாகக் கணினிக்கு மொழி கற்பிக்கும் பணிகளில் இருக்கிறேன். உங்கள் அப்பாவின் கேள்வி நியாயமானது. மருத்துவம் படித்தவருக்கு மருத்துவமனை, சட்டம் படித்தவருக்கு நீதிமன்றம் என்பதுபோல் மொழியியல் படித்தவருக்கென்று பெயர்ப்பலகை மாட்டிய ஒரு கதவு கிடையாது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டு பேசுவோம்.

மொழியியல் என்றவுடன் பலரும் பத்து மொழிகள் பேசக் கற்றுக்கொடுப்பார்கள் என்று நினைக்கிறார்கள். ஒரு மொழியை அதன் ஒலி, சொல்லமைப்பு, தொடரமைப்பு, பொருள், சமூகத்தில் அதன் வழக்கு என்று பிரித்து, கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் சான்றோடு விளக்கும் முறைதான் அங்கே கற்பிக்கப்படுகிறது. ஒலி எங்கே, எப்படிப் பிறக்கிறது என்று தொல்காப்பியத்தின் பிறப்பியலில் படித்திருப்பீர்கள். உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு சேர்ந்து எழுத்தொலி ஆகிறது என்று அதில் சொல்லப்பட்டதைத்தான் மொழியியல் வகுப்பில் ஒலியலையின் படத்தை வைத்துக்கொண்டு தொடர்ந்து படிப்பீர்கள். ஆகையால் இளங்கலைத் தமிழ் படித்தவர் இந்தத் துறைக்கு வெறுங்கையோடு வருவதில்லை. எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் ஒழுங்காகப் படித்த மாணவர்கள் முதல் பருவத்தில் மற்றவர்களைவிட விரைவாக நடந்ததை என் வகுப்பிலேயே பார்த்தேன்.

எங்கே படிக்கலாம் என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார் பல்கலைக்கழகம், 1981இல் தொடங்கப்பட்ட தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் மொழியியல் துறைகள் உள்ளன. சேலத்திலிருந்து கோவை நெருக்கம் என்பதால் வீட்டாரின் கவலை குறையும். வெளியே போகத் துணிந்தால் ஐதராபாத் பல்கலைக்கழகம், டெல்லியில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், டெல்லிப் பல்கலைக்கழகம், புனேயில் டெக்கான் கல்லூரி ஆகியவை இருக்கின்றன. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரும்பாலும் முதுகலைப் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அதில் மொழியியலுக்குத் தனித் தாள் உண்டு. ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கை விதிகள் மாறுவதால், இடம், கட்டணம், விடுதி மூன்றையும் அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிப்பிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி வேலை. என் மேசைக்கு வருகிற வேலை எப்படிப்பட்டது என்று காட்டினால் உங்கள் அப்பாவுக்கும் புரியும் என்று நம்புகிறேன். ஒரு பணப்பரிமாற்றச் செயலியைத் தமிழில் வெளியிடும் குழுவில் சில காலம் இருந்தேன். வாடிக்கையாளருக்குப் போகும் செய்தி ஒன்றில், "உங்கள் பணத்தை நாம் மூன்று நாட்களில் திருப்பித் தருவோம்" என்று இருந்தது. ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரே சொல்தான். தமிழில் கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் 'நாம்' வேறு, கேட்பவரை விலக்கும் 'நாங்கள்' வேறு. அந்தச் செய்தியின்படி பணத்தை இழந்த வாடிக்கையாளரும் நிறுவனத்தோடு சேர்ந்து தனக்குத்தானே பணம் கொடுக்க வேண்டும். இது பிழை என்று தமிழ் பேசும் எவரும் சொல்லிவிடுவார். எந்தெந்தச் சூழலில் எந்த வடிவம் வரும், முன்னிலை ஒருவர் பெறுநராக இருக்கும்போது என்ன ஆகும், அழைப்பிதழ் போன்ற செய்தியில் என்ன ஆகும் என்று ஆயிரக்கணக்கான வாக்கியங்களுக்குப் பொருந்தும்படி விதி எழுதித் தருவதற்குத்தான் மொழியியல் படித்தவரைத் தேடுகிறார்கள்.

இன்னொன்று. 'செவ்வாய்ப்பேட்டைக்காரர்களிடமிருந்துதான்' என்பது நமக்கு ஒரு மூச்சில் சொல்லிவிடுகிற சொல். கணினிக்கு அது இதுவரை கண்டிராத ஒரு நீண்ட எழுத்துக்கோவை. ஊர்ப்பெயர், அதன்பின் 'காரர்', பன்மை விகுதி, 'இடமிருந்து' என்ற உருபு, 'தான்' என்ற இடைச்சொல் என்று பிரித்து, நடுவில் ஒற்று எங்கே மிகுந்தது என்பதையும் குறித்துக் கொடுத்தால்தான் தேடுபொறியிலும் மொழிபெயர்ப்பிலும் அது பயன்படும். நன்னூலில் பதவியலும் புணரியலும் படித்த கைக்கு இது பழகிய வேலை. பேச்சை எழுத்தாக மாற்றும் கருவிகளுக்கு இன்னும் கடினமான கேள்விகள் வருகின்றன: 'வந்துட்டிருக்கேன்', 'வந்துக்கிட்டிருக்கேன்' என்று மக்கள் சொல்வதைக் கேட்டபடியே எழுதுவதா, 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று எழுதுவதா? எதைத் தேர்ந்தாலும் நூறு பேர் ஒரே மாதிரி எழுத ஒரு கையேடு வேண்டும். அந்தக் கையேட்டை எழுதுவதும், எழுதியவர்களின் வேலையைச் சரிபார்ப்பதும் ஒரு முழுநேரப் பணி.

இத்தகைய பணிகள் தனியார் நிறுவனங்களிலும், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத், ஐதராபாத் ஐஐஐடியின் மொழித் தொழில்நுட்ப ஆய்வு மையம் போன்ற ஆய்வுக் குழுக்களிலும் உள்ளன. இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சுக் கருவிகளை உருவாக்க மத்திய அரசு 2022இல் தொடங்கிய பாஷினி திட்டத்துக்குப் பிறகு இந்திய மொழித் தரவுகளுக்கான வேலை பெருகியிருப்பதை நேரிலேயே பார்க்கிறேன். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். தொடக்க நிலைப் பணிகளில் பல ஒப்பந்த அடிப்படையிலானவை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும். என் முதல் வேலை பதினொரு மாதங்களில் முடிந்து, அடுத்தது கிடைக்கும் வரை நான்கு மாதங்கள் குகையில் வீட்டில் இருந்தேன். அந்த நான்கு மாதங்களில்தான் பைத்தான் கணினி மொழியை முறையாகக் கற்றேன். அதற்கு முன் எனக்குக் கிடைத்த பணிகளும் அதற்குப் பின் கிடைத்த பணிகளும் ஒன்றல்ல.

நானும் பன்னிரண்டாம் வகுப்பில் வரலாறும் பொருளியலும் படித்தவன்தான். உரைக்கோப்பைத் திறந்து படிக்க, சொற்களை எண்ண, ஒரே வடிவம் எங்கெங்கே வருகிறது என்று தேட, அட்டவணையாக்க, இவற்றுக்குத் தேவைப்படும் அளவு நிரல் எழுத உயர்கணிதம் வேண்டியதில்லை. மத்திய அரசின் இணையவழிக் கல்வித் தளமான ஸ்வயத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். முதுகலையின் முதல் ஆண்டு விடுமுறைக்குள் இதைத் தொடங்கிவிடுங்கள். கடைசிப் பருவம் வரை தள்ளிப்போட்டவர்கள் என் வகுப்பில் மிகவும் சிரமப்பட்டார்கள்.

பதில் 2: தமிழ்த்துறை ஆசிரியர், ஆத்தூர்

அன்பு மாணவிக்கு, மேலே எழுதிய தம்பி தனியார் துறையைப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிட்டார். நான் ஆசிரியப் பணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நம் பகுதி மாணவர்கள் பலர் தெரியாமல் போய் மாட்டிக்கொள்கிறார்கள்.

பள்ளிகளில் மொழியியல் என்று ஒரு பாடம் கிடையாது. நீங்கள் இளங்கலைத் தமிழ் முடிப்பதால், பிறகு எப்போது பி.எட். படித்தாலும் பட்டதாரித் தமிழாசிரியர் பணிக்கான வழி திறந்தே இருக்கும். மொழியியலுக்குப் போவதால் அந்த வழி அடைபட்டுவிடாது. ஆனால் மேல்நிலைப் பள்ளியில் முதுகலைத் தமிழாசிரியராகவோ, கல்லூரித் தமிழ்த்துறையில் உதவிப் பேராசிரியராகவோ வர வேண்டும் என்றால் முதுகலைத் தமிழ்ப் பட்டம் வேண்டும். மொழியியல் முதுகலை அதற்கு ஈடாக எடுத்துக்கொள்ளப்படும் என்று யாராவது வாய்மொழியாகச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். பணி அறிவிப்பில் அச்சிட்டிருக்கும் தகுதியைப் படியுங்கள். என்னிடம் படித்த ஒரு மாணவர் இப்படி யாரோ சொன்னதை நம்பி விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் திரும்பி வந்தார். அன்று மாலை அவர் என் வீட்டுத் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. தொலைநிலைக் கல்வியில் முதுகலைத் தமிழையும் பிற்பாடு முடித்துக்கொள்வது அந்த வருத்தத்தைத் தவிர்க்கும் ஒரு வழி.

மொழியியலிலேயே கற்பிக்கவும் ஆய்வு செய்யவும் விரும்பினால் உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வான யுஜிசி நெட் தேர்வுக்குப் படிக்க வேண்டும். அதில் மொழியியல் தனிப் பாடமாக இருக்கிறது. முதல் தாளில் 50 வினாக்கள், இரண்டாம் தாளில் 100 வினாக்கள், மொத்தம் 300 மதிப்பெண்கள். முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், பட்டியலினத்தார் உள்ளிட்ட பிரிவினருக்கு 50 விழுக்காடு போதும். இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால், 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வீதப்படி முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாயும், அதன்பின் மாதம் 42,000 ரூபாயும் கிடைக்கும். அதற்கான வயது வரம்பு 30. பெண்களுக்கு ஐந்து ஆண்டுகள் தளர்வு உண்டு. தறியை நம்பியிருக்கும் குடும்பத்தில் ஒரு பெண் யாரிடமும் கை நீட்டாமல் முனைவர் பட்டம் வரை படிக்க இது போதும். உங்கள் அப்பாவிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

மொழியியல் துறைகளின் எண்ணிக்கை குறைவு என்பதால் அங்கே ஆசிரியர் பணியிடங்களும் குறைவுதான். ஆனால் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கும் பணியை நம்மவர்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. 1969இல் மைசூரில் தொடங்கப்பட்ட இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனத்தின் மண்டல மையங்களில் பிற மாநில ஆசிரியர்களுக்கு இந்திய மொழிகளைக் கற்பிக்கிறார்கள். மதுரையில் அமெரிக்க மாணவர்களுக்குத் தமிழ் கற்பிக்கும் மையம் ஒன்று நெடுங்காலமாக இயங்குகிறது. தமிழை நன்றாகப் பேசத் தெரிவதும், அதைத் தெரியாதவருக்குப் படிப்படியாகக் கற்பிக்கத் தெரிவதும் வெவ்வேறு திறமைகள். 'எனக்குப் பசிக்கிறது' என்பதில் பசிப்பவர் ஏன் எழுவாயாக வரவில்லை என்று ஓர் அயல்நாட்டு மாணவர் கேட்டால், 'அப்படித்தான் சொல்வோம்' என்று தமிழ் மட்டும் படித்தவர் சொல்லக்கூடும். மொழியியல் படித்தவர் பசி, தாகம், பிடித்தல், தெரிதல் எல்லாம் ஒரே வகையில் நான்காம் வேற்றுமை ஏற்பதை எடுத்துக் காட்டிப் பாடமாகவே ஆக்கிவிடுவார்.

பதில் 3: சேர்வராயன் மலை, கள ஆய்வு மாணவர்

வணக்கம். நான் ஏற்காடு வட்டத்துச் சிற்றூர்களில் மலையாளிப் பழங்குடி மக்களின் தமிழ் வழக்கைப் பதிவு செய்து முனைவர் பட்ட ஆய்வு செய்துவருகிறேன். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர் அது. அவர்கள் பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் செய்தி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்தில் கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழிக் கணக்காய்வில் அன்றைய சென்னை மாகாணம் சேர்க்கப்படவில்லை என்பதால், நம் மலைகளின் பேச்சு வழக்குகளுக்கு அந்தக் காலத்துப் பதிவு என்று ஒப்பிட்டுப் பார்க்கக்கூட அதில் எதுவும் இல்லை. இப்போது கேட்டு எழுதினால்தான் உண்டு.

கள ஆய்வை நான் பாடமாகப் படித்ததைவிட மலையில் தவறு செய்து கற்றதே அதிகம். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, அங்கிருந்து இன்னொரு பேருந்து பிடித்துப் போய், முதல் நாள் ஒரு வீட்டுத் திண்ணையில் பதிவுக் கருவியை வைத்து மூன்று மணி நேரம் பதிவு செய்தேன். இரவில் காதுபொறியை மாட்டிக் கேட்டால் காற்றின் இரைச்சல்தான் கேட்டது. ஒலிவாங்கிக்குக் காற்றுத்தடுப்பு உறை போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. "உங்கள் பேச்சு வழக்கைச் சொல்லுங்கள்" என்று கேட்டேன். அந்தப் பெரியவர் உடனே பள்ளிக்கூடத் தமிழுக்கு மாறிவிட்டார். யாராக இருந்தாலும் அப்படித்தான் மாறுவார்கள். பிறகு மொழியைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டு, சாமையும் தினையும் விதைத்த காலம், காப்பிக் கொட்டை உலர்த்தும் களம், மே மாதத்துச் சேர்வராயன் கோயில் திருவிழா என்று அவர்கள் வாழ்க்கையைக் கேட்டேன். பேச்சு தானாக வந்தது. கருவி இருப்பதையே அவர்கள் மறந்த பிறகு வந்த பேச்சுதான் என் ஆய்வேட்டின் உயிர்.

பதிவு செய்வது எளிது. அதை எழுத்தாக்குவதுதான் நாளைத் தின்னும். முதல் மாதத்தில் ஒரு நிமிடப் பேச்சை ஒலிப்புக் குறியீட்டில் எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஒலியை ஆராய உதவும் பிராட், பதிவோடு எழுத்தை இணைக்க உதவும் ஈலான் என்ற இரண்டு இலவச மென்பொருள்களில் கை பழகிய பிறகு அது குறைந்தது. முதன்முதலில் எழுத்தாக்கி முடித்த கதையை அச்சிட்டுக் கொண்டுபோய்ச் சொன்னவருக்கே படித்துக் காட்டியபோது, இரண்டு இடங்களில் நான் கேட்டது தவறு என்று அவர் திருத்தினார். அப்போதிருந்து சொன்னவருக்குப் படித்துக் காட்டாமல் எதையும் முடிந்ததாக எடுத்துக்கொள்வதில்லை.

இந்த அனுபவத்துக்கு வேலை உண்டா என்று கேட்பீர்கள். 10,000 பேருக்கும் குறைவாகப் பேசும் மொழிகளை ஆவணப்படுத்த, ஆசிரியர் ஐயா மேலே சொன்ன இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் 2013 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது. அகராதிப் பணிகள், பழங்குடியினர் ஆய்வு மையங்கள், ஒலி ஆவணக் காப்பகங்கள் ஆகியவற்றிலும் கள அனுபவம் உள்ளவர்களைத் தேடுகிறார்கள். எல்லாம் சேர்த்தாலும் எண்ணிக்கை பெரிதல்ல. ஆனால் உங்களிடம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேள்வியில் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சௌராஷ்டிரத்தைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 2 லட்சத்து 47 ஆயிரம் பேர். அந்தக் கணக்கெடுப்பு அதைக் குஜராத்தியின் கீழ் சேர்த்து எண்ணுகிறது. தமிழ் நாட்டில் பல நூற்றாண்டுகள் வாழ்ந்து தெலுங்கோடும் தமிழோடும் பழகிய மொழி இன்று எவ்வளவு தூரம் தனி வழியில் வந்திருக்கிறது என்பது ஆய்வு செய்ய வேண்டிய கேள்வி. அதன் எழுத்துமுறை, கணினிகளில் எல்லா மொழி எழுத்துகளுக்குமான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2008இல் இடம்பெற்றுவிட்டது. ம, ந, ர, ல ஒலிகளை மூச்சொலியோடு உச்சரிப்பதைக் காட்ட 'ஹாரு' என்ற தனிக் குறியே அதில் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஆய்வாளர் கேட்டுப் பழக ஓராண்டு எடுக்கும் ஒலிகளை நீங்கள் தொட்டிலிலேயே கேட்டிருக்கிறீர்கள். முதுகலை ஆய்வேட்டுக்குப் பொருள் தேடி நீங்கள் எங்கும் அலைய வேண்டாம்.

பதில் 4: பேச்சுப் பயிற்சியாளர், அஸ்தம்பட்டி

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். மொழியியல் முடித்தால் பேச்சுப் பயிற்சியாளர் ஆகலாம் என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். இந்தியாவில் அது தவறான செய்தி. திக்குவாய், பக்கவாதத்துக்குப் பின் பேச்சிழத்தல், குழந்தைகளின் பேச்சுத் தாமதம் ஆகியவற்றுக்குப் பயிற்சி அளிக்க, செவித்திறன் மற்றும் பேச்சு மொழி நோயியலில் பட்டம் பெற்று, இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பட்டப்படிப்புக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியல் பிரிவு வேண்டும். 1965இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இதற்குப் பெயர் பெற்றது. ஆகவே கலைப் பிரிவிலிருந்து வரும் நீங்கள் இதைக் கணக்கில் வைத்துத் திட்டமிட வேண்டாம். ஆனால் எங்கள் துறைக்கு மொழியியல் படித்தவர்களின் உதவி மிகவும் தேவை. மூன்று வயதுக் குழந்தை தமிழில் எந்த ஒலிகளைச் சொல்ல வேண்டும், ழகரம் எப்போது வரும் என்பதைச் சோதிக்கும் சொற்பட்டியல்களை எங்களால் தனியாகத் தயாரிக்க முடியாது. அந்த வகைக் கூட்டாய்வுகளில் உங்களைப் போன்றவர்களுக்கு இடம் உண்டு.

கேள்வி கேட்டவர்: தறிவீட்டு மாணவி

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு எல்லாப் பதில்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஆய்வு உதவித்தொகையைப் பற்றி ஆசிரியர் ஐயா எழுதியதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். 'நாம்', 'நாங்கள்' என்ற பகுதிக்கு வந்தபோது, எங்கள் மொழியில் அது எப்படி என்று அவரே யோசிக்கத் தொடங்கிவிட்டார். கோவைக்கும் ஐதராபாத்துக்கும் விண்ணப்பிப்பதாகவும், இரண்டிலும் இடம் கிடைக்காவிட்டால் பி.எட். சேர்ந்துவிட்டு அடுத்த ஆண்டு மீண்டும் முயல்வதாகவும் முடிவு செய்திருக்கிறோம். முதுகலைத் தமிழைத் தொலைநிலையில் பிறகு படிக்கலாம் என்ற யோசனையும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி தந்தது.

ஒரே ஒரு ஐயம். பாட்டிக்கு எண்பத்திரண்டு வயது. தறியின் ஒவ்வொரு உறுப்புக்கும் அவர் சொல்கிற சௌராஷ்டிரச் சொல் அப்பாவுக்கே பாதிதான் தெரிகிறது. நான் பாவு, ஊடை, நாடா என்று தமிழிலேயே சொல்லிப் பழகிவிட்டேன். சேர்க்கை வரும் வரை காத்திருக்காமல் இப்போதே அவரைப் பதிவு செய்ய நினைக்கிறேன். கைப்பேசியில் செய்யலாமா?

பதில்: சேர்வராயன் மலை, கள ஆய்வு மாணவர்

தாராளமாகச் செய்யலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள். கைப்பேசியில் ஒலியைச் சுருக்காமல் சேமிக்கும் வேவ் கோப்பாகப் பதிவாகும் செயலியைத் தேர்ந்துகொள்ளுங்கள்; சுருக்கிய கோப்பில் மூச்சொலியின் நுட்பம் கெட்டுவிடக்கூடும், உங்கள் மொழிக்கு அதுதான் முக்கியம். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, இடம், யார் பேசுகிறார், இதைப் படிப்புக்குப் பயன்படுத்த அவருக்குச் சம்மதமா என்பதைப் பாட்டியின் குரலிலேயே சொல்ல வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். கோப்பைக் கைப்பேசியோடு விடாமல் அன்றே வேறு இரண்டு இடங்களில் படி எடுத்து வையுங்கள்.

தறி ஓடும்போது பதிவு செய்ய வேண்டாம். நாடா அடிக்கும் ஓசையில் பாட்டியின் குரல் மூழ்கிவிடும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தறி நின்றிருக்கும் நேரத்தில் அவரைத் தறிமேடையில் உட்கார வையுங்கள். "இதற்கு என்ன பெயர்" என்று வரிசையாகக் கேட்காமல், கல்யாணம் ஆகி வந்த புதிதில் முதல் வேட்டியை எப்படி நெய்தார் என்று கேளுங்கள். ஒவ்வொரு உறுப்பையும் அவர் கையால் தொட்டுக் காட்டிச் சொல்லும்போது, அப்பாவை நிழற்படம் எடுக்கச் சொல்லுங்கள்.